இழுக்காத வண்டி

பானெட்டைத் தூக்கிக் கம்பியில் நிறுத்திய பிறகு தவசி கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யவில்லை. எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி வெயில் டர்போவின் மேல் விழுந்திருந்தது, நேற்றுப் பெய்த மழையின் ஈரம் ரேடியேட்டர் ஓரத்தில் இன்னும் காயவில்லை, பக்கத்து வீட்டு டிவியில் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டியா, காலா? மூன்று வாரமாக இது ஒன்றுதான் கேள்வி. சோற்றுக்குள் கிடக்கும் கல் மாதிரி, எந்தப் பக்கம் மென்றாலும் அதில்தான் பல் படுகிறது. வண்டி இழுக்கவில்லை, அதில் சந்தேகமில்லை. போடியிலிருந்து மலை மேலிருக்கும் மெட்டுக்கு ஏறும் சாலையில் மூன்றாவது கியரில் பாடிக்கொண்டு ஏறிய ஜீப் இப்போது இரண்டாவதில் முக்கி முனகுகிறது. ஆனால் இழுக்காதது வண்டிதானா? இல்லை, ஆக்சிலேட்டர் மேல் வைத்த தன் வலது கால்தான் அழுத்துவதாக நினைத்துக்கொண்டு அழுத்தாமலே இருக்கிறதா? யாரிடம் கேட்பது இதை. கேட்டால் கேள்வியே பதிலாகிவிடும். பதினான்கு வருடமாக ஊரிலிருந்து பதினோரு பெண்களை ஏற்றிக்கொண்டு, மலை தாண்டி, ஏலக்காய்த் தோட்டத்தில் பழம் எடுக்க விட்டுவிட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்து வருகிற ஆள் அவர். முதலில் இருந்தவர்களில் நாலு பேருக்கு இப்போது பேரப்பிள்ளை. ஒரு கீறல் கிடையாது, ஒருத்திக்கும். அந்தப் பெருமையைப் பற்றி வெளியில் பேசுவதில்லை, திருஷ்டி. வியாழக்கிழமை அதுவும் போய்விடப் பார்த்தது. ஒன்பதாவது கொண்டை ஊசியில் வண்டி திணறி, நின்று, ஒரு கை நீளம் பின்னால் உருண்டது. ஒரு கை நீளம்தான். பிரேக் பிடித்துவிட்டார். பின்னால் பதினோரு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள், அதற்குள் ஒருத்தியின் தூக்குவாளி கவிழ்ந்து ரசம் வேறு ஒழுகியது. எல்லோரும் இறங்கி வளைவைத் தாண்டும் மட்டும் நடந்தார்கள். "டர்போ போச்சு, வேற ஒண்ணுமில்ல" என்று அவர் சொன்னார். சொல்லும்போதே அந்தக் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் பவுனுத்தாய் வந்து வாசலில் நின்றாள். அந்தப் பதினோரு பேருக்கும் அவள்தான் தலைவி, தோட்டத்தில் பேசுவது, ஆள் சேர்ப்பது எல்லாம் அவள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "தவசிண்ணே, கோவிச்சுக்கிறாதீக. திங்கக்கெழமைக்குள்ள வண்டி சரியாயிட்டா ஒங்க வண்டிதான். இல்லாட்டி வனராசு வண்டிக்குச் சொல்லி வச்சிருக்கோம். பொம்பளைகளெல்லாம் பயந்து கெடக்காக." கோவிச்சுக்க என்ன இருக்கிறது. நியாயம்தான். நியாயமாகப் பேசுகிறவர்களிடம் கோபப்படவும் முடியாமல் ராத்திரி முழுக்கப் புரண்டதுதான் மிச்சம். வனராசு. நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த பயல், முன்கண்ணாடி முழுக்க ஸ்டிக்கர், வளைவுக்கு வளைவு ஹாரன். அவன் நன்றாகத்தான் ஓட்டுகிறான், அதுதான் எரிச்சல். போடியில் மெக்கானிக் இருக்கிறார், நல்ல கைராசிக்காரர், ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டால் வருவார். கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று பெண்டாட்டி பேச்சியம்மா நேற்றிலிருந்து கேட்கிறாள். மெக்கானிக் வந்தால் முதல் வேலையாகச் சாவியை வாங்கி ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார். திரும்பி வந்து இறங்கி, பேண்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு, "வண்டி நல்லாத்தான இருக்கு" என்று சொன்னால்? அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்துதான் மனுஷர் ஸ்பேனர் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார். பெண்டாட்டியிடம் இதைச் சொல்ல முடியுமா? "எனக்குத் தெரியாத வேலையா" என்றார். அவளும் உதட்டைச் சுழித்துவிட்டுப் போய்விட்டாள்.

டீசல் ஃபில்டரைக் கழற்றினார். போன வாரம்தான் புதுசு போட்டது. பழையது போலவே இதுவும் சுத்தமாக இருந்தது. சுத்தமாக இருப்பது ஏமாற்றமாக இருந்தது. அழுக்கைக் கண்டால் சந்தோஷப்படுகிற நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டே திரும்ப மாட்டி, கைப்பம்பைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி டீசலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றினார். கட்டைவிரல் நன்றாக இருக்கிறது. அழுத்தினால் டீசல் இறுகுவது விரலுக்குத் தெரிகிறது, எத்தனையாவது அழுத்தில் இறுகியது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். கண்ணை மூடிக்கொண்டு. ஆடி மாதம் ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் பெண் அப்படித்தான் சொன்னாள். "கண்ண மூடிக்கங்கய்யா. பாதத்துல நான் தொடுறப்ப எல்லாம் தெரியுதுன்னு சொல்லுங்க." கையில் ஒரு சின்ன நரம்பு, மீன் தூண்டில் நரம்பு மாதிரி. சுகர் இருக்கிறவர்களுக்கெல்லாம் பார்ப்பதாம். அவர் கண்ணை மூடினார், முழுக்க மூடவில்லை. இமைக்கு அடியில் ஒரு கீற்று விட்டுவைத்து அவள் முழங்கை அசைவதைப் பார்த்துக்கொண்டு, அசைந்தபோதெல்லாம் "தெரியுது, தெரியுது" என்றார். இடது காலில் உண்மையாகவே தெரிந்தது. வலது காலில் முழங்கையைப் பார்த்துத்தான். "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டதற்குத் தோட்ட வேலை என்றார். டிரைவர் என்று சொன்னால் எங்காவது எழுதி வைத்துவிடுவாள், எழுதினால் அது லைசென்ஸ் வரைக்கும் போகும் என்று ஒரு கணக்கு. வெளியில் வந்து டீ குடிக்கும்போது தன் சாமர்த்தியத்தை நினைத்துச் சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை. யாரை ஏமாற்றினோம்? அந்தப் பெண் பாட்டுக்கு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டாள். கால் தன்னோடுதான் வீட்டுக்கு வந்தது. போன மாதம் சைலன்சரில் பட்டுக் கொப்புளமே வந்துவிட்டது, பேச்சியம்மா பார்த்துச் சொல்லித்தான் தெரியும். "இம்புட்டு வெந்திருக்கு, எரியலையா?" என்றாள். "எரிஞ்சது, சொல்லல" என்றார். பொய் எவ்வளவு சுலபமாகச் சொல்ல வருகிறது, பழகின ரோட்டில் வண்டி தானே திரும்புவது போல.

டர்போவிலிருந்து போகும் ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். வெடிப்பில்லை. கிளாம்ப்புகளை இறுக்கிப் பார்த்தார். அவை ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தன. எஞ்சின் வேகமாக ஓடும்போது இந்த ஹோஸ் காற்றால் புடைக்க வேண்டும், கையால் நசுக்க வராது. அதைப் பார்க்க ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டும். உள்ளே ஒரு ஆள். இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை? தோன்றியிருக்கும், தோன்ற விடாமல் வைத்திருந்திருப்போம். வேறொரு காலை அதன் மேல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று. பானையில் இரண்டு டம்ளர் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு வந்தார். "பேச்சி, ஒரு நிமிசம் வா." "அடுப்புல கொழம்பு கெடக்கு." "அணைச்சிட்டு வா." அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், வண்டி எங்கேயோ கிளம்பிவிடப் போகிறது என்பது போல. இருபத்தெட்டு வருடக் கல்யாணத்தில் அந்த சீட்டில் அவள் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. "நடுவுல இருக்கிறது பிரேக்கு, அத விடு. வலது பக்கம் இருக்கிறத மெதுவா அழுத்து. நான் கைய ஆட்டினா முழுசா அழுத்து." "முழுசான்னா?" "தரையில முட்டுற மட்டும்." மெட்டி போட்ட அந்தக் கால் பெடலின் மேல் ஏறுவதைத் திறந்த கதவு வழியாகப் பார்த்தார். அவள் காலுக்கு எல்லாம் தெரியும். ராத்திரி இருட்டில் பாயைத் தாண்டும்போது தரையில் கிடக்கும் கடுகு கூட அவள் காலுக்குத் தெரியும். சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு முன்னால் வந்து ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி நல்லாத்தான இருக்கு. வண்டி நல்லாத்தான இருக்கு. எஞ்சின் நன்றாக உறுமி எழுந்தால் முடிந்தது கதை. கையை ஆட்டினார்.

எஞ்சின் எழவில்லை. முக்கியது, இருமியது, பின்னால் குபுகுபுவென்று கரும்புகை கக்கியது, பாதி வேகத்துக்கு மேல் ஏறமாட்டேன் என்று அடம் பிடித்தது. கைக்குள் ஹோஸ் தொளதொளவென்று கிடந்தது. "முழுசா அழுத்தியிருக்கியா?" "கால் வலிக்கிற மட்டும் அழுத்தியிருக்கேன், என்ன இப்ப?" தவசி சிரித்துவிட்டார். வாய்விட்டு, தொண்டை அதிர, பக்கத்து வீட்டு டிவியையும் மீறி. வண்டிதான்! வண்டிதான்! கால் இல்லை! "வண்டி கெட்டுப்போச்சுன்னு யாராச்சும் சிரிப்பாகளா" என்று பேச்சியம்மா அவரை ஒரு மாதிரி பார்த்தாள். அவளை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பட்டப்பகலில், வாசலில், கையெல்லாம் டீசலோடு. கட்டிக்கொள்ளவில்லை. மூன்று வாரமாக நெஞ்சுக்கூட்டில் உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது. இனி எது கெட்டிருந்தாலும் சரி. கரும்புகை என்றால் டீசல் வருகிறது, காற்று போதவில்லை. டர்போவின் வாய்க்குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டு ஆட்டிப் பார்த்தார். விசிறி ஆடவில்லை, சுற்றினால் வழவழவென்று சுற்றியது. சரி, காற்று எங்கே நிற்கிறது? ஏர் ஃபில்டரை வெள்ளிக்கிழமையே எடுத்துப் பார்த்தாயிற்று, சுத்தமாக இருந்தது. மறுபடி எடுத்தார். தாளின் மடிப்புகள் வெள்ளையாக இருந்தன. இவ்வளவு வெள்ளையாகவா? புது ஃபில்டர் போட்டு மூன்று வாரம் மலை ரோட்டுத் தூசியில் ஓடின வண்டிக்கு ஃபில்டர் இப்படியா இருக்கும்? தூசி இங்கே வரவே இல்லை. அப்படியானால் காற்றும் வரவில்லை. அடடா. "பேச்சி, இன்னொரு வாட்டி." ஃபில்டர் பெட்டியைத் திறந்தபடியே வைத்து அவளை மிதிக்கச் சொன்னார். எஞ்சின் ஒரே எழும்பாக எழும்பியது, டர்போ கீச்சென்று விசிலடித்தது, ஹோஸ் கைக்குள் கட்டையாக விறைத்தது. பேச்சியம்மா பயந்து காலை எடுத்துக்கொண்டு கீழே குதித்தேவிட்டாள்.

அந்த வண்டியில் பானெட்டின் ஓரத்திலிருந்து கண்ணாடிச் சட்டத்தை ஒட்டி மேலே ஏறி நிற்கிற ஒரு கறுப்புக் குழாய் உண்டு. ஓடையில் இறங்கும்போது எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விடாமல் உயரத்திலிருந்து காற்றை இழுத்துக்கொள்வதற்காக. பார்ப்பதற்குத் தும்பிக்கை மாதிரி இருக்கும். அதன் வாயில் இருந்த வலை போன வருடமே உடைந்து விழுந்துவிட்டது, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டதுதான். குழாயின் கீழ் முனையைக் கழற்றி, வளைவுக்குள் கம்பியை விட்டு இழுத்தார். முதலில் வாழை நார் வந்தது. நாரைப் பிடித்து இழுத்தால் அதோடு செண்டுப்பூ, காய்ந்து கறுத்து, பிறகு மழைத் தண்ணீரில் ஊறிக் களியான பொரி, கட்டி கட்டியாகச் சந்தனம், கடைசியில் உள்ளங்கை அகலத்துக்கு அருகம்புல் பந்து. இரண்டு பேரும் அதைக் கீழே போட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆயுத பூஜை. மூன்று வாரம். பேச்சியம்மாதான் அன்றைக்கு ஸ்டூல் போட்டு ஏறி, தும்பிக்கைக்குச் சந்தனம் பூசி, அருகம்புல்லும் செண்டுப்பூவும் சேர்த்துக் கட்டிய மாலையை அதன் தலையில் மாட்டி, ஒரு கைப்பிடி பொரியையும் மேலே போட்டாள். மறுநாள் மாலையைக் காணோம், காற்றில் போயிருக்கும் என்றார்கள். "ஆத்தாடி, நான் போட்ட மாலையா?" என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சாமிக்குப் போட்டத வண்டி தின்னுருச்சு. ரொம்ப நாளாப் பசி போலருக்கு." "கேலி பண்ணாதீக, சாமி குத்தமாயிறும்." "அட விடு, ஒன்னால நான் பொழச்சேன்" என்றார். அவளுக்கு அது விளங்கவில்லை. விளங்க வைக்கவும் அவருக்கு மனசில்லை. எல்லாம்தான் முடிந்துவிட்டதே.

ஊருக்குப் பின்னால் கரட்டின் மேல் குடிதண்ணீர்த் தொட்டி. அதற்கு ஏறும் பாதை செங்குத்து, கல்லும் சரளையும். இந்த ஊர் டிரைவர்கள் எவர் வண்டியில் என்ன வேலை பார்த்தாலும் அந்த மேட்டில் ஏற்றித்தான் இழுவை பார்ப்பார்கள். குழம்பு ஆறிவிடும் என்று பேச்சியம்மா கத்தினதைக் காதில் வாங்காமல் எடுத்தார். முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது. வண்டி பாய்ந்தது. இரண்டாவது, மூன்றாவது, டர்போ விசில் காதில் விழ விழ உடம்பெல்லாம் இளகியது. திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு எல்லோரும் தூக்குவாளியோடு வந்து நிற்பார்கள், ஒன்பதாவது கொண்டை ஊசியில் வேண்டுமென்றே மூன்றாவது கியரில் போட்டு ஏற்ற வேண்டும், பின்னால் பவுனு என்ன சொல்கிறாள் என்று கேட்க வேண்டும். வனராசு தன் ஸ்டிக்கரையெல்லாம் எண்ணிக்கொண்டு கிடக்கட்டும். மேலே சமதளம் வந்ததும் காலைத் தளர்த்தினார், வண்டி தானாக வேகம் குறைந்து தொட்டி ஓரத்தில் நின்றது, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினார். காற்று. மலைகள் மழையில் கழுவிவிட்டது போல இருந்தன, மெட்டுச் சாலை கோடுகோடாகத் தெரிந்தது. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, டயரில் தட்டி, சைலன்சரைப் பார்த்தார். புகையில்லை. இன்னொரு சுற்றுச் சுற்றப் போகும்போதுதான் ஈர மண்ணில் தடத்தைப் பார்த்தார். ஒரு செருப்புத் தடம், ஒரு வெறுங்கால் தடம், ஒரு செருப்பு, ஒரு வெறுங்கால். ஐந்து விரலும் தெளிவாக. யாரடா இது, ஒற்றைச் செருப்போடு இங்கே வந்து போனவன்? பாவம், அறுந்துபோயிருக்கும். தடம் வண்டியைச் சுற்றிப் போயிருந்தது. டிரைவர் கதவில் தொடங்கியிருந்தது. தன் காலடியில் வந்து முடிந்திருந்தது. குனிந்து பார்த்தார். வலது காலில் செருப்பு இல்லை. பாதத்தைத் திருப்பினால் நெருஞ்சி முள், மூன்று, ஒன்றின் பக்கத்தில் ரத்தம்.

வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். செருப்பு பிரேக் பெடலுக்கு அடியில் கிடந்தது. கையால் பெடலை அழுத்தினார். இரண்டு விரல் அளவு இறங்கி செருப்பின் ரப்பரில் முட்டி நின்றது. இன்னும் பலமாக அழுத்தினார். இறங்கவில்லை. எப்போது கழன்றது? வாசலிலா, முதல் வளைவிலா, பாய்ந்தது பாய்ந்தது என்று குதித்தோமே அப்போதா? மேட்டில் ஏறும்போது பிரேக்கைத் தேடவே இல்லை. இறங்கும்போது தேடியிருப்போம். கொண்டை ஊசி பதினேழு, பின்னால் பதினோரு பேர். ஒவ்வொருத்தி முகமாக வந்தது, தூக்குவாளி கவிழ்த்தவள் கூட. தவசி தொட்டியின் நிழலில் உட்கார்ந்துவிட்டார். பயம் இல்லை, பயம் போய்விட்டிருந்தது. அசிங்கமாக இருந்தது. வண்டியும் கெட்டிருந்தது, காலும் கெட்டிருந்தது. ஒன்று கெட்டிருந்தால் மற்றது நல்லது என்று யார் சொன்னார்கள்? தானே சொல்லிக்கொண்டதுதான். முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பிடுங்கும்போதும் ஒன்றும் தெரியவில்லை. யாரோ ஒருவர் காலுக்கு முள் எடுத்துவிடுவது போல இருந்தது. பிறகு போனை எடுத்தார். "பவுனு, தவசி பேசுறேன்." "சொல்லுங்கண்ணே, வண்டி சரியாச்சா?" "சரியாயிருச்சு. புது வண்டி மாதிரி இழுக்குது." "அப்பாடா. இப்பவே வனராசுக்கு வேண்டாம்னு சொல்லிர்றேன்." "சொல்லாத. நாளைக்கு அவன் வண்டியிலயே போங்க." "ஏண்ணே, கோவமா?" தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "எனக்கு வலது கால்ல உணர்ச்சி இல்ல பவுனு. ரொம்ப நாளாவே இல்ல. செருப்பு கழண்டது கூடத் தெரியல. சொல்லாம உங்களையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போயிட்டேன்." வைத்துவிட்டாளோ என்று போனைப் பார்த்தார், வைக்கவில்லை. "வெசாழக்கெழமையுமா?" என்று கேட்டாள். "அன்னிக்கு வண்டிக் கோளாறு. ஆனா காலும் அப்படித்தான் இருந்துச்சு." "நாங்க பதினோரு குடும்பம்ணே" என்றாள். "தெரியும் தாயி." திட்டப் போகிறாள், திட்டட்டும் என்று இருந்தார். "ஆஸ்பத்திரியில காட்டுனீகளா?" "காட்டுனேன். பொய் சொல்லிட்டு வந்துட்டேன்." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "காலையில அஞ்சரைக்கு ஒங்க வாசல்ல நில்லுங்க. வனராசுகிட்டச் சொல்லி ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கி விடச் சொல்றேன். உண்மையச் சொல்லிக் காட்டுங்க. பின்னால எங்க கூட எடம் இருக்கு." "சரி தாயி" என்றார். அழுகை வந்துவிட்டது. பதினான்கு வருடத்தில் அந்த ரோட்டில் அவர் பின்னால் உட்கார்ந்து போனதே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, இரண்டு பெரிய கல்லாகப் பார்த்து எடுத்து வண்டியின் பின் சக்கரங்களுக்கு அண்டக்கொடுத்தார். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். செருப்பை மாட்டி, அது காலில் இருக்கிறதா என்று அடிக்கு அடி குனிந்து பார்த்துக்கொண்டே, நடந்து மேட்டை இறங்கினார்.